மகனுக்கு காலேஜ் சாக்கர் ரெக்ரூட்டிங்: 3,500 டாலர் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ரைட்பேக்_அப்பா · 2025 ஜனவரி 12

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகன் பத்தாவது படிக்கிறான், 2027இல் பள்ளியை முடிப்பான். ஆறு வயதிலிருந்து சாக்கர், இப்போது ரைட் பேக். அவன் கிளப்பின் முதல் டீம் ஈசிஎன்எல் என்ற நாடு தழுவிய பெரிய கிளப் லீகில் ஆடுகிறது. இவன் இருப்பது அதற்கு அடுத்த படியான ரீஜினல் லீக் டீமில். ஜிபிஏ (நாலுக்கான மார்க் சராசரி) 3.8.

போன வாரம், காலேஜ் டீமில் இடம் பிடிக்க உதவுவதாகச் சொல்லும் ஒரு ரெக்ரூட்டிங் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இலவச மதிப்பீடு என்று சொல்லி நாற்பது நிமிடம் பேசினார்கள். "உங்கள் மகனுக்கு டிவிஷன் ஒன் தரம் இருக்கிறது, ஆனால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது" என்றார்கள். டிவிஷன் ஒன் என்றால் காலேஜ் விளையாட்டின் மேல் மட்டமாம். ப்ரொஃபைல், வீடியோ, கோச்சுகளுக்கு மெயில் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். 3,500 டாலர். அந்த மனிதர் என் மகன் ஆடி ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

இதற்கிடையில் ஒரு பெரிய யுனிவர்சிட்டி கோச்சின் பெயரில் மெயில் வந்திருக்கிறது. "உன்னைக் கவனித்து வருகிறோம், ஜூனில் எங்கள் ஐடி கேம்ப்புக்கு வா" என்று. கட்டணம் கட்டிப் போய், கோச் முன்னால் ஆடிக்காட்டும் கேம்ப்பாம். வீட்டில் கேசரி கிண்டிவிட்டார்கள்.

பணம் கட்டலாமா? கேம்ப்புக்கு அனுப்பலாமா? இந்த ஊர் காலேஜ் விளையாட்டைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் கோயம்புத்தூரில் கிரிக்கெட் ஆடியவன்.

---

கணக்குப்பிள்ளை · ஜனவரி 12

3,500ஐக் காலேஜுக்குச் சேமிக்கும் 529 கணக்கில் போடுங்கள். இழையை மூடிவிடலாம்.

---

பழைய_ஸ்டாப்பர் · ஜனவரி 13

கேசரி வீண் போகாது, ஆனால் அந்த மெயிலை நம்பாதீர்கள். அது பல நூறு பேருக்குப் போயிருக்கும்.

காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு காலேஜுகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறது. அதன் விதி இதுதான். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை டிவிஷன் ஒன் கோச் உங்கள் பையனோடு ரெக்ரூட்டிங் பற்றிப் பேசக் கூடாது, எழுதவும் கூடாது. டிவிஷன் டூவுக்கும் அதே தேதி. கேம்ப் விளம்பரமும் கேள்வித்தாளும் மட்டும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால்தான் அந்த மெயிலில் கேம்ப் கட்டணம் கட்டும் பொத்தான் மட்டும் பெரிதாக இருக்கும். டிவிஷன் த்ரீக்கும், என்ஏஐஏ என்ற வேறு அமைப்பின் காலேஜுகளுக்கும் இந்தத் தடை இல்லை, அங்கே கோச் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கே பதில் போடலாம். சாக்கருக்கு இந்த ஜூன் 15 கணக்கு வந்தது 2019இல். அதற்கு முன்னால் எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளிடமே "உங்கள் காலேஜுக்கே வருகிறேன்" என்று வாய்வார்த்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் சாக்கரில் இன்னும் மோசம்.

மெயில் நிஜமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பையனின் ஜெர்சி நம்பர், எந்த மேட்ச், என்ன செய்தான் என்று ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். "உன் திறமையைக் கண்டு வியந்தோம்" என்று மட்டும் இருந்தால் அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, பெயர் மட்டும்தான் மாறும்.

நான் வியாசர்பாடிப் பக்கம் ஆடி வளர்ந்தவன். இப்போது வட கரோலினாவில், கேரியில், ஒன்பது வருடமாக வார இறுதிகளில் ஒரு கிளப்பில் கோச். நம் பெற்றோரிடம் நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றால் மாவட்டம், மாநிலம் என்று சர்டிபிகேட்டுகளை அடுக்கி, மதிப்பெண் போட்டு, கவுன்சலிங்கில் சீட் வாங்குவோம். சர்டிபிகேட் கனமாக இருந்தால் சீட் உறுதி. இங்கே கோப்பையும் மெடலும் யாருக்கும் தேவையில்லை. கோச்சுக்கு 2027இல் ஒரு ரைட் பேக் தேவையா, உங்கள் பையன் அந்த ரைட் பேக்கா, இவ்வளவுதான். கடைக்காரருக்கு எந்தச் சரக்கு தீர்ந்திருக்கிறது என்று பார்த்து அதைக் கொண்டுபோகிற வேலை.

---

ரைட்பேக்_அப்பா · ஜனவரி 13

அப்படியென்றால் எந்தக் கடையில் என்ன தீர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

---

பழைய_ஸ்டாப்பர் · ஜனவரி 14

ரோஸ்டர், அதாவது டீமின் ஆட்டக்காரர் பட்டியல். ஒவ்வொரு காலேஜ் டீமும் தன் தளத்தில் போட்டிருக்கும். பெயர், இடம், உயரம், எந்த வருடம், எந்த ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை உட்காரவைத்து இருபது ரோஸ்டர் படிக்கச் சொல்லுங்கள். டிஃபெண்டர்களில் யார் சீனியர், யார் வெளியே போகிறார்கள், புதிதாக வந்தவர்கள் பள்ளியிலிருந்து வந்தார்களா, வேறு காலேஜிலிருந்து மாறி வந்தார்களா, வெளிநாடா, எல்லாமே தெரிந்துவிடும்.

டிவிஷன் ஒன் ஆண்கள் டீம்களில் ஜெர்மனி, ஸ்பெயின், நார்வே என்று ஊர்ப் பெயர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு 20, 21 வயது, அங்கே அகாடமியில் ஆடிவிட்டு வருகிறவர்கள். அதற்கு மேல் 2018இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் இடம். 17 வயதுப் பையனை எடுத்து இரண்டு வருடம் வளர்ப்பதைவிட, வேறு காலேஜில் அறுபது மேட்ச் ஆடிய ஆளை எடுப்பது கோச்சுக்குச் சுலபம். நான் கோச்சாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன், பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, டெக்சஸ்காரர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆஸ்டினில் இருக்கும் யூட்டிக்கு (டெக்சஸ் யுனிவர்சிட்டி) ஆண்கள் வர்சிட்டி சாக்கர் டீமே, அதாவது காலேஜின் அதிகாரப்பூர்வ டீமே, கிடையாது. டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கும் இல்லை. உங்கள் மாநிலத்தில் டிவிஷன் ஒன் ஆண்கள் டீம்களை ஒரு கை விரலிலேயே எண்ணிவிடலாம்: எஸ்எம்யூ, ஹூஸ்டன் கிறிஸ்டியன், இன்கார்னேட் வேர்ட், ரியோ கிராண்டே வேலி. நாடு முழுக்க ஆண்களுக்கு சுமார் 210, பெண்களுக்கு 350க்குப் பக்கம். 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி ஆண், பெண் இருபாலருக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஒன்றே நூறு ஆண்களை விழுங்கிவிடுவதால் பல பெரிய யுனிவர்சிட்டிகள் ஆண்கள் சாக்கரைக் கைவிட்டன, அல்லது தொடங்கவே இல்லை. சட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ ஃபுட்பால் கோச்சுக்கு நூறு பேர் எதற்கு என்றுதான் தோன்றும்.

---

கணக்குப்பிள்ளை · ஜனவரி 14

என் பங்குக்குக் கணக்கு. டிவிஷன் ஒன் ஆண்கள் டீமுக்கு மொத்த ஸ்காலர்ஷிப் 9.9. ஆளுக்கு ஒன்று அல்ல, டீமுக்கே 9.9. அதை முப்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரும். ஸ்ட்ரைக்கருக்கும் கோல்கீப்பருக்கும் கூடுதலாகப் போனால் ரைட் பேக்குக்குப் புத்தகக் காசுதான் மிஞ்சும். பல காலேஜுகள் அந்த 9.9ஐயும் முழுதாகக் கொடுப்பதில்லை. டிவிஷன் டூவில் 9. டிவிஷன் த்ரீயில் பூஜ்ஜியம். ஐவி லீகிலும் பூஜ்ஜியம்.

கிளப் ஃபீஸ், டோர்னமெண்ட் ஓட்டல், விமானம், ஷூ என்று பத்து வருடத்தைக் கூட்டிப் பாருங்கள். "ஸ்காலர்ஷிப்புக்காக ஆடவைக்கிறோம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆடுவது பிடித்திருந்தால் ஆடட்டும். அதற்கு முதலீடு என்று பெயர் வைக்காதீர்கள்.

---

எடிசன்_காஃபி · ஜனவரி 15

கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வது ஆண்களுக்குச் சரி. பெண்களுக்கு 14, அதனால் கொஞ்சம் மூச்சு விடலாம். என் மகள் டிவிஷன் ஒன்னில் இரண்டாம் வருடம் ஆடுகிறாள், சென்டர் மிட். அவளுக்கு ஜூன் 15 அன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே முதல் மெசேஜ் வந்தது. வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலைக்குள் ஒன்பது கோச்சுகள். அன்று அவள் முகத்தில் பார்த்ததற்காகப் பத்து வருட மினிவேன் ஓட்டம் எல்லாம் சரி என்று தோன்றியது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் அவள்தான் மெயில் எழுதினாள். கோச்சுகள் ஆள் பார்க்க வரும் எந்த ஷோகேஸ் டோர்னமெண்டுக்கு முன்னாலும், "சனிக்கிழமை காலை 9.20க்கு ஐந்தாம் நம்பர் மைதானத்தில் ஆடுகிறேன், ஜெர்சி 14" என்று இருபது கோச்சுகளுக்கு. பதில் சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. ஆனால் வந்து நிற்பார்கள், மடக்கு நாற்காலியும் காலேஜ் பெயர் போட்ட ஜாக்கெட்டுமாக. ரிச்மண்டில் ஜெஃபர்சன் கப்பில் ஒரு மேட்ச்சுக்குப் பதினோரு ஜாக்கெட் எண்ணினேன்.

ரைட்பேக் அப்பாவுக்கு ஒரு யோசனை. கிளப் மாற்றுவதை யோசியுங்கள். ரீஜினல் லீக் மேட்ச்சுக்கு அந்த நாற்காலிகள் வராது. மகனை ஈசிஎன்எல், எம்எல்எஸ் நெக்ஸ்ட் போன்ற பெரிய லீக் டீமுக்குக் கொண்டுபோங்கள், பெஞ்சில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

---

பழைய_ஸ்டாப்பர் · ஜனவரி 15

அக்கா, கடைசி வரியில் மட்டும் முரண்படுகிறேன். பெஞ்சில் உட்காரும் பையனைப் பார்க்க ஜாக்கெட் வந்து என்ன பயன்? வீடியோவுக்கு எங்கே போவான்? வாரத்துக்கு எண்பது நிமிடம் ஆடுகிற ரீஜினல் லீக் பையன், டிவிஷன் த்ரீ கோச்சுக்கு மெயில் போட்டுத் தன் மேட்ச்சைக் காட்டி இடம் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பெரிய லீகின் பெஞ்சில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஆசையே போய் விட்டுவிட்ட பையன்களையும் பார்த்திருக்கிறேன்.

---

எடிசன்_காஃபி · ஜனவரி 15

பெண்கள் பக்கம் வேறு மாதிரி. அங்கே லீக் பெயர்தான் முதல் சல்லடை. நான் பார்த்ததைத்தானே சொல்ல முடியும்.

---

எட்டாம்நம்பர் · ஜனவரி 18

வணக்கம் அங்கிள், ஆன்ட்டி. நான் பென்சில்வேனியாவில் ஒரு டிவிஷன் த்ரீ காலேஜில் மூன்றாம் வருடம், மிட்ஃபீல்ட். அம்மா இந்த இழையைக் காட்டினார்கள். தமிழில் டைப் பண்ண நேரமாகும், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

டி3 பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் அந்த வார்த்தையைக் கேட்டதும் மூன்றாம் தரம் என்று நினைத்துவிடுகிறார்கள். எம்ஐடி டி3. ஷிகாகோ யுனிவர்சிட்டி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, கார்னகி மெலன், எல்லாமே சாக்கரில் டி3. ஷிகாகோ 2022இல் ஆண்கள் பட்டம் வென்றபோது கோச் ஜூலியான் சிட்ச். என்சிஏஏ ஆண்கள் சாக்கர் பட்டம் வென்ற முதல் பெண் கோச் அவர்தான். நாட்டில் சுமார் 400 காலேஜுகளில் டி3 ஆண்கள் டீம் இருக்கிறது. டெக்சஸிலேயே சான் அன்டோனியோவில் டிரினிட்டி இருக்கிறது, 2003இல் தேசியப் பட்டம்.

இங்கே ஸ்காலர்ஷிப் கிடையாது என்பது உண்மை. பணம் படிப்பு மெரிட் வழியாகவோ குடும்ப வருமானம் வழியாகவோ வரும். ஆனால் கோச் கையில் வேறு ஒன்று இருக்கிறது. ப்ரீ ரீட் என்பார்கள். பதினொன்றாவது முடிந்த கோடையில் உங்கள் மார்க், பாடங்கள், எஸ்ஏடி (காலேஜ் நுழைவுத் தேர்வு) எல்லாவற்றையும் கோச் அட்மிஷன் ஆபீசிடம் கொடுத்து, "இவன் தேறுவானா" என்று கேட்பார். ஆபீஸ் "தேறலாம்" என்றால், கோச் தன் ஆதரவை உங்களுக்குக் கொடுப்பார். பதிலுக்கு நீங்கள் நவம்பரில் எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்க வேண்டும். அது கட்டுப்படுத்தும், கிடைத்தால் போயே ஆக வேண்டும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அந்த ஆதரவு இல்லாமல் என் மார்க்குக்கு இந்தக் காலேஜ் கிடைத்திருக்காது, வெட்கப்படாமல் சொல்கிறேன். எல்லாக் காலேஜிலும் கோச்சின் சொல்லுக்கு ஒரே மதிப்பு இல்லை. அதனால் "ப்ரீ ரீட்டில் தேறிய உங்கள் ஆட்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்" என்று நேராகவே கேட்டுவிட வேண்டும்.

மெயிலை அவனே எழுதட்டும் அங்கிள். என் கோச் சொல்வார், அப்பா எழுதிய மெயில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும் என்று. காசு வாங்கும் கம்பெனி அனுப்புவது இன்னும் சீக்கிரம் தெரியும்.

---

கணக்குப்பிள்ளை · ஜனவரி 18

தம்பி நன்றாக எழுதுகிறாய். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற காலேஜுகள் மெரிட் உதவி தருவதில்லை, வருமானத்தைப் பார்த்து மட்டுமே தருவார்கள். கணவன் மனைவி இருவரும் ஐடி வேலையில் இருக்கும் வீட்டுக்கு அங்கே முழு பில்தான் வரும். எர்லி டிசிஷனில் போட்டுவிட்டால் நாலு இடத்து விலையை ஒப்பிடவும் முடியாது. எனவே கையெழுத்துக்கு முன்னால் அந்தக் காலேஜ் தளத்தில், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைத் திறந்து, நிஜமான எண்களைப் போட்டுப் பாருங்கள். பிள்ளை ஆசைப்பட்ட பிறகு பில்லைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்வது கொடுமை. என் வீட்டில் நடந்தது. அவள் இன்னும் அதை மறக்கவில்லை.

---

ஹெச்4_அம்மா · பிப்ரவரி 2

தாமதமாக வருகிறேன். எங்கள் மகனுக்கு ஹெச்4 விசா, வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது. கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. இவனுக்கு ஸ்காலர்ஷிப் தருவார்களா? 21 ஆனால் என்ன செய்வது?

---

எடிசன்_காஃபி · பிப்ரவரி 2

தருவார்கள். விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை தேவையில்லை, வெளிநாட்டிலிருந்து வரும் அத்தனை பேரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். உங்களுக்குக் கிடைக்காதது அரசாங்க உதவி. ஃபாஃப்சா என்ற அரசாங்க விண்ணப்பம் வழியாக வரும் பணத்துக்கு ஹெச்4 பிள்ளைகளுக்குத் தகுதியில்லை. காலேஜ் தன் கைக்காசில் தரும் உதவி ஒவ்வொரு காலேஜின் கொள்கையைப் பொறுத்தது. சிலர் விசா பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைப்பார்கள். முதல் போனிலேயே கேளுங்கள், மறைக்க வேண்டாம்.

21 ஆனதும் ஹெச்4 முடிந்துவிடும், எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படித்துக்கொண்டே மாறலாம். வக்கீலிடம் ஒரு வருடம் முன்பே போய்விடுங்கள். பெயரை வைத்துச் சம்பாதிக்கும் விளம்பரப் பணம், என்ஐஎல் என்கிறார்களே, அதைப் பற்றிக் கூடப் படிக்கும் பிள்ளைகள் ஆசை காட்டுவார்கள். வேலை அனுமதி இல்லாத விசாவில் அதைத் தொட்டால் சிக்கல். வக்கீல் சொல்லாமல் ஒரு டாலரும் வாங்கக் கூடாது.

---

ரைட்பேக்_அப்பா · மார்ச் 9

கம்பெனிக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாளே 2,200க்கு இறங்கினார்கள். அதுவே பதில் சொல்லிவிட்டது.

வீடியோ தயார். நானே எடிட் செய்தேன், பதினொரு நிமிடம், பின்னணியில் நல்ல மாஸ் மியூசிக். மெயிலும் எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய கோச் அவர்களுக்கு, என் மகன் சிறு வயதிலிருந்தே சாக்கரில் அளவில்லா ஆர்வமும் கடின உழைப்பும் ஒழுக்கமும் கொண்டவன்..."

---

எட்டாம்நம்பர் · மார்ச் 9

அங்கிள்...

---

எட்டாம்நம்பர் · மார்ச் 9

சரி, பொறுமையாகச் சொல்கிறேன்.

வீடியோ மூன்றரை, நான்கு நிமிடம் போதும். கோச்சுகள் பெரும்பாலும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், மியூசிக் வீண். முதல் முப்பது நொடியில் சிறந்த ஐந்து துண்டுகளை வையுங்கள், நாடகம் மாதிரி கிளைமாக்ஸுக்குச் சேர்த்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் பந்து வரும் முன்னால் அவன் தலைமேல் ஒரு வட்டமோ அம்போ போடுங்கள். ரைட் பேக் என்றால் கோல் தேவையில்லை. ஒன்றுக்கு ஒன்று தடுத்தது, பின்னால் ஓடி வந்து மூடியது, அழுத்தத்தில் பந்தை வெளியே கொண்டுவந்தது, ஓவர்லேப் ஓடி கிராஸ் போட்டது. நன்றாக ஆடிய ஒரு முழு மேட்ச்சின் லிங்கையும் கீழே வையுங்கள். ஆர்வம் வந்த கோச் அதைத்தான் பார்ப்பார், பந்து இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான் என்று.

மெயில் பத்து வரி. தலைப்பிலேயே "2027, ரைட் பேக், கிளப் பெயர், ஜிபிஏ" எல்லாம் வந்துவிட வேண்டும். உள்ளே ஏன் இந்தக் காலேஜ் என்று ஒரு நிஜமான காரணம், வீடியோ லிங்க், அடுத்த மூன்று மேட்ச் எங்கே எப்போது, அவன் கிளப் கோச்சின் நம்பர். அவன் பெயரில், அவன் மெயிலிலிருந்து போகட்டும். "ஒழுக்கம்" என்ற வார்த்தை வேண்டாம் அங்கிள்.

---

பழைய_ஸ்டாப்பர் · மார்ச் 10

தம்பி சொன்ன எல்லாமும் சரி. ஒன்று கூட்டுகிறேன். பந்தை இழந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்று ஒரு துண்டு இருக்கட்டும். தப்பே இல்லாத வீடியோவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம், ஆடத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டர். டி1, டி2 நினைப்பு இருந்தால் பதினொன்றாவது தொடங்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். பதினாறு கோர் பாடங்கள், அதாவது என்சிஏஏ ஏற்கும் முக்கியப் பாடங்கள், வேண்டும். அந்தப் பாடங்களில் ஜிபிஏ டி1க்கு 2.3, டி2க்கு 2.2. எஸ்ஏடி கட்டாயம் என்பதை 2023இல் நீக்கிவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு மார்க் பிரச்சினை வராது, பாடப் பட்டியலில்தான் வரும். பள்ளியில் எடுத்த ஏதோ ஒரு ஆன்லைன் பாடம் பட்டியலில் இல்லாமல் போய் கடைசி வருடம் ஓடியவர்களைத் தெரியும்.

---

எடிசன்_காஃபி · ஏப்ரல் 22

இந்த இழையில் பெருமையாக எழுதினேன், அதனால் இதையும் எழுத வேண்டும். போன வாரம் கோச் மகளைக் கூப்பிட்டு, அடுத்த சீசனில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். பத்து நிமிடப் பேச்சு. ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மேல் நடக்கும் ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கை வந்தால் சாக்கர் ரோஸ்டர் 28 பேரோடு நிற்க வேண்டும். அவர்கள் டீமில் 33 பேர். உடன்படிக்கைக்கு நீதிபதி இன்னும் இறுதி ஒப்புதல் தரவில்லை, ஆனால் காலேஜுகள் முன்கூட்டியே வெட்டத் தொடங்கிவிட்டன. போன வருடம் முட்டியில் காயம், ஆறு மேட்ச்தான் ஆடினாள். அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

படிப்பு இருக்கிறது, இந்த வருட ஸ்காலர்ஷிப் முடியும் வரை இருக்கிறது. அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று ரூம்மேட் போன் செய்தாள். நாளைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறோம்.

---

பழைய_ஸ்டாப்பர் · ஏப்ரல் 22

அக்கா, போய் அவளோடு இருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

---

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 22

வழியில் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் அக்கா, பால்டிமோரில்தான் இருக்கிறேன். தனி மெசேஜில் முகவரி போட்டிருக்கிறேன்.

---

ரைட்பேக்_அப்பா · ஜூன் 16

நேற்று ஜூன் 15. அவன் 42 மெயில் அனுப்பியிருந்தான், 18 டி1, 10 டி2, மீதி டி3. நள்ளிரவு வரை நானும் என் மனைவியும் ஹாலில் டிவி பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம். அவன் அறையில் போனை வைத்துக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை. காலையில் ஒரு டி2 கோச்சிடமிருந்து இரண்டு வரி, மதியம் இன்னொன்று. டி1 ஒன்றும் இல்லை. டி3யில் ஐந்து பேர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் நேற்று அதை யாரும் நினைக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது அவனாகவே சொன்னான், "டி1 ரோஸ்டர் எல்லாம் பார்த்தேன்ப்பா, என் இடத்தில் 22 வயசு ஆளுங்க. தெரியும்." தெரியும் என்றால் ஏன் பன்னிரண்டு வரை விழித்திருந்தாய் என்று கேட்கவில்லை.

---

எடிசன்_காஃபி · ஜூன் 17

டி1 கோச்சுகளும் இப்போது குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். 6ஆம் தேதி நீதிபதி வில்கன் உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். அதில் சேரும் காலேஜுகளுக்கு 9.9, 14 என்ற ஸ்காலர்ஷிப் வரம்பு போய்விட்டது, பதிலாக 28 என்ற ரோஸ்டர் வரம்பு. இருபத்தெட்டு பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது. கொடுக்கப் பணம் வேண்டுமே. ஏற்கெனவே வெட்டப்பட்ட பிள்ளைகள் இந்த வரம்பில் சேர மாட்டார்கள் என்று விலக்கு தந்திருக்கிறார்கள், ஆனால் திரும்பச் சேர்த்துக்கொள்வது காலேஜின் விருப்பம். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

மகள் போர்ட்டலில் பெயர் கொடுத்தாள். ஒரு டி2 காலேஜ் எடுத்துக்கொண்டது, ஆகஸ்டில் போகிறாள். அங்கே கோச்சிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் காயம்பட்டால் என்ன செய்வீர்கள்?" முன்பு எங்கள் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எழுத்தில் வாங்கியிருக்கிறாள். வாய்வார்த்தை கமிட்மெண்ட் இருபக்கமும் கட்டுப்படுத்தாது, கையெழுத்துப் போட்டுக் கட்டுப்படும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டையும் போன அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். காலேஜ் தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் காகிதம். எத்தனை வருடத்துக்கு, எப்போது ரத்தாகும் என்ற வரிகளைப் படியுங்கள்.

---

ரைட்பேக்_அப்பா · ஆகஸ்ட் 4

ஜனவரியில் வந்த அந்தப் பெரிய யுனிவர்சிட்டி கேம்ப்புக்கு அனுப்பவில்லை. அவனோடு ஏற்கெனவே மெயிலில் பேசிக்கொண்டிருந்த ஒரு டி3 கோச்சின் கேம்ப்புக்கு மட்டும் போனோம். எண்பது பையன்கள், இரண்டு நாள். கோச் முதல் நாள் மதியம் இவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பழைய_ஸ்டாப்பர் சொன்ன ஜெர்சி நம்பர் சோதனை ஞாபகம் வந்தது.

என் பக்கத்தில் ஒரு அப்பா வேலிக்கு வெளியே நின்று "பிரஸ், பிரஸ்" என்று கத்திக்கொண்டே இருந்தார். உதவி கோச் நோட்டில் ஏதோ எழுதினார். என்னவென்று தெரியாது, நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

---

பழைய_ஸ்டாப்பர் · ஆகஸ்ட் 5

என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் எழுதியிருக்கிறேன்.

---

ரைட்பேக்_அப்பா · டிசம்பர் 7

நன்றி சொல்ல வந்தேன், ஒரு கேள்வியும் உண்டு.

தேங்க்ஸ்கிவிங் முன்னால் பென்சில்வேனியாவில் ஒரு காலேஜ் பார்க்கப் போனோம், சொந்தச் செலவில். கோச் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு ரைட் பேக் இருக்கிறார்கள், இவன் வரும்போதும் ஒருவர் இருப்பார், "லெஃப்ட் பேக் ஆடுவாயா" என்று கேட்டாராம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அது எனக்கும் கோச்சுக்கும்ப்பா" என்றான். மெயில் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். ப்ரீ ரீட் அடுத்த ஜூலையில், அதுவரை என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. இப்போது காலையில் பள்ளிக்கு முன்னால் பின்பக்க வேலியில் இடது காலால் உதைத்துக்கொண்டிருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வந்து கேட்டுவிட்டார்.

கேள்வி எட்டாம்நம்பர் தம்பிக்கு. அங்கே அன்றைக்கு நடந்த மேட்ச்சில் பெற்றோர் எல்லாம் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். என்ன வாங்க வேண்டும்?

---

எட்டாம்நம்பர் · டிசம்பர் 7

சூப்பர் அங்கிள்! சீசன் நவம்பரோடு முடிந்துவிடும், ஆனால் இரவு மேட்ச்சில் அந்தக் கடைசி மூன்று வாரம் கொடுமை. அவனுக்கு ஜெர்சிக்குள் போடும் தெர்மல், மெல்லிய கையுறை. டாலஸ் கடையில் "குளிருக்கு" என்று விற்பதை நம்பாதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். பெஞ்சுக்குக் கீழே போட ஒரு பழைய யோகா பாய், கால் வழியாகத்தான் குளிர் ஏறும்.

---

ரைட்பேக்_அப்பா · டிசம்பர் 8

இரண்டு ஜோடி கையுறை ஆர்டர் போட்டுவிட்டேன், பென்சில்வேனியாக் கடையிலிருந்தே. ஒன்று எனக்கு.